நீரூற்று நிற்கும்வரை

அக்கா,

நேற்றுப் பின்னேரம் மகள் என்னைப் புளியந்தீவுக்குக் கூட்டிப்போனாள். வாவிக்கரையில் வெளிச்சம் போட்ட அந்த நீரூற்றைப் பார்க்கத்தான். தொட்டியை அன்றுதான் கழுவியிருப்பார்கள் போல, கிட்டப் போனதும் குளோரின் மணம் மூக்கில் அடித்தது. மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு உன் கை நினைவு வந்தது. குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது தோலுரிந்து, ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்த கை.

நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அப்பா போன பிறகு நமக்கு யார் கட்டித் தருவது? நீ வெளிநாட்டுக்குப் போனாய். மூத்தவள் நீயிருக்க, முதலில் தங்கச்சிக்கு என்றாய். எனக்கு மாபிள் போட்ட வீடு எழும்பியது. உனக்கென்று ஒன்று கடைசிவரை எழும்பவேயில்லை.

வேலைக்கு நின்ற வீட்டு முற்றத்தில் பெரிய நீரூற்று ஒன்று இருப்பதாகப் போனில் சொல்வாய். "அரண்மனையில இரிக்காய், உனக்கென்ன" என்று நானும் பகிடி பண்ணுவேன். பிறகொரு நாள்தான் சொன்னாய். விருந்தாளிகள் போய், தண்ணீரையும் விளக்கையும் நிறுத்திய பின்தான் உன்னை முற்றத்துக்குக் கூப்பிடுவார்களாம், தொட்டியைத் தேய்த்துக் கழுவ. அது ஓடும்போது எப்படியிருக்கும் என்று நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ வந்தால் ஒரு மாலையாவது உன்னை நீரூற்றுக்கு முன்னால் ராசாத்தி மாதிரி இருத்த வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

இருத்தினேன். நல்ல சேலையாக உடுத்து, இதே வாவிக்கரைக்கு ஆட்டோவில் வந்தோம். சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் எழும்பியது. சனமெல்லாம் அண்ணாந்து பார்த்தது. நீ எழும்பிப் போய்த் தொட்டி விளிம்பை விரலால் வழித்தாய்.

"பாசி புடிச்சிரிக்கு. ஆருகா இதைக் கழுவுற?"

"அக்கா, நீ பாக்க வந்தியா, கழுவ வந்தியா?"

சிரித்துக்கொண்டு வந்து இருந்தாய். ஆனால் நான் வாங்கித் தந்த ஐஸ்கிறீம் உன் கையிலேயே உருகி வழிந்தது. "எப்ப நிப்பாட்டுவாங்க?" என்றாய். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி என்ன அவசரம் என்று பாய்ந்தேன்.

"நிப்பாட்ட முதல் போயிருவம் புள்ள. தண்ணி நிண்டா எனக்கு வேலை தொடங்கிற மாதிரி இரிக்கு."

எழும்பிவிட்டோம். ஆட்டோவில் நீயே என் தோளைத் தட்டினாய்: "மூஞ்சைத் தூக்காத. இன்னொரு நாளைக்கு வருவம். அப்ப முழுக்க இருந்து பாக்கன்."

அந்த இன்னொரு நாள் வரவில்லை. சிறுநீரகம் பழுதென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. நீ கட்டிய என் வீட்டிலிருந்துதான் உன்னை எடுத்தோம். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை அக்கா. நீ எனக்கு வீடே தந்தாய். சும்மா இருக்கிற ஒரு பொழுதைக்கூட என்னால் உனக்குத் தர முடியவில்லை.

நேற்று நான் கடைசிவரை இருந்தேன். விளக்குகள் அணைந்தன. தண்ணீர் விழுந்து அடங்கியது. சனம் எழும்பிப் போனது. "அம்மா, வாங்க" என்று மகள் கூப்பிட்டாள். என்னால் எழும்ப முடியவில்லை. நான் எழும்பினால் நீ வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிடுவாய் என்று ஒரு பயம். பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "இரி அக்கா, இரி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன்.