அரபு எழுத்துக்குப் போட்ட முக்காடு

ஜூலை 11, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து, பத்தமடையிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள்: மாப்பிள்ளையின் உம்மா கதீஜா லாத்தா, அவர் தங்கை, மூத்த மருமகள், அவள் கைக்குழந்தை. எங்கள் பக்கம் நானும் நாத்தனார் மைமூனும். பெண், என் மகள் நஸீமா, ஸ்பெயினில். காற்று, புழுதி. சமோசா தீர்ந்தது. கடல்பாசி இனிப்பு ஒரு தட்டு மிச்சம்.

முகமாவது பார்க்கட்டும் என்று, நஸீமா பல்கலைக்கழகத்தில் பேசும் வீடியோவைப் போட்டேன். அவள் பின்னால் திரையில் பழைய தாள், முழுக்க அரபு எழுத்து. கண்டதும் மூன்று பேரும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"மாஷா அல்லாஹ், கிதாபு ஓதிக் குடுக்காளே. கல்யாணம் முடிஞ்சு இங்கன வந்து நம்ம தெருப் பிள்ளைகளுக்கும் ஓதிக் குடுக்கட்டும்" என்றார் கதீஜா லாத்தா.

அது மார்க்கக் கிதாபு இல்லை. எழுத்துதான் அரபு, மொழி பழைய ஸ்பானிஷ். அந்த மொழி எப்படி மாறி வந்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தெரிந்தே "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லியே பொய். மைமூன் என் தொடையில் கிள்ளினாள்.

ஜூலை 12, சனி
தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மாவு அரைத்தாயிற்று. நஸீமா போன். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். "உம்மா, அது ஒருத்தன் கழுதை வித்த பத்திரம். பல்லு எப்படி இருக்குன்னுகூட எழுதியிருக்கான்."

பிறகு சிரிப்பு இல்லை. "கேக்கவங்ககிட்டல்லாம் நான் அரபு படிக்கேன்னுதான சொல்லுதிய? என் படிப்பு அவ்வளவு கேவலமா?" வைத்துவிட்டாள்.

கேவலம் இல்லை. விளக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இல்லை, இதுவும் பொய். கூச்சம். டெல்லியில் படிப்பு, ஸ்பெயின் போய் டாக்டர் பட்டம், வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலை, போன மாதம் அதே வேலை நிரந்தரம். இதில் ஒன்றையும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஜூலை 14, திங்கள்
லுஹர் தொழுதுவிட்டு பத்தமடை பஸ். கதீஜா லாத்தா வீட்டில் உட்காராமலே சொல்லிவிட்டேன், கழுதை உட்பட.

"அப்பம் கழுதைக்கா நான் முக்காடு போட்டேன்?" மருமகள் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போய்விட்டாள். "நம்ம அரபுத்தமிழ் மாதிரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமே. எங்க வாப்பா கடிதாசியே அரபு எழுத்துல தமிழாத்தான் எழுதுவாக. அத விடுங்க. வேற என்ன மறைச்சிருக்கிய?"

வேலை நிரந்தரம், திரும்பி வரமாட்டாள். அதையும் சொன்னேன், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு.

லாத்தா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு பைய, "மவன அங்கன போவியான்னு நான் கேக்கேன். நீங்க பிள்ளைட்ட கேட்டியளா, இந்த சம்பந்தம் வேணுமான்னு?"

கேட்கவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்
நேற்று ராத்திரி நஸீமா போன் எடுக்கவில்லை. இன்று சுபுஹு தொழுகைக்குப் பிறகு எழுதி அனுப்பியது:

"நஸீமா, அவங்க வீட்டுல உண்மையச் சொல்லிட்டேன். நீ வந்துருவேன்னு நான் ஒத்துக்கிட்டது தப்பு. உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா நானே போய்ச் சொல்லுதேன். சீக்கிரம் பதில் போடு."