மூன்றாவது சிலிண்டர்

இன்று காலை நம் ஷெட்டில் மண்டியிட்டு, பழைய காரின் சைலன்சரில் காதை வைத்துக் கேட்டேன். புஸ்ஸென்று காற்று வந்தது. எதுவானாலும் உன்னிடம் முதலில் சொல்லும் பழக்கம், நீ கண்ணை மூடி எட்டு மாதமாகியும் விடவில்லை.

பதினொரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை ஓட வைக்கலாமென்று செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்திருந்தேன். "பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, என் மனைவி மிதித்த மிதி அப்படி" என்று உன்மேல் பழி போடும் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, அழுத்தம் பார்க்கும் மீட்டரைச் செருகி, எஞ்சினைச் சுற்றவிட்டார். மற்ற சிலிண்டர்களில் முள் ஒழுங்காக ஏறியது. மூன்றாவதில் எழுந்திருக்கவே இல்லை.

அதன் பிளக் ஓட்டை வழியே காற்றை ஏற்றினார். "ரிங் போயிருந்தா ஆயில் ஊத்துற வாயில சத்தம் வரும் சார். கேளுங்க." கேட்டேன். ஒன்றுமில்லை. "இப்ப சைலன்சர்ல கேளுங்க." அங்கேதான் அந்தப் புஸ்.

பிறகு வால்வு மூடியைத் திறந்து, இடைவெளி பார்க்கும் தகட்டை நுழைத்தார். நுழையவில்லை. "பொக வெளிய போற வால்வு கருகிப்போய் கீது சார். வால்வைத் தள்ற டேப்பட்டை டைட்டா வெச்சிகிறாங்க, கேப்பே இல்ல, வால்வு முழுசா மூடாது. இது காத்துலயே ஆறுற இஞ்சின். ராத்திரி பூரா ஆறினப்புறம்தான் கைய வெக்கணும். சூடா இருக்கசொல்ல வெச்சா இப்டிதான். எவன் சார் வெச்சது?"

"யாரோ" என்றேன். யோசிக்காமலே வந்த பொய்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய் வந்தோம். நீதான் ஓட்டினாய். கடற்காற்று தலையைக் கலைக்க, ஒரு கையில் ஸ்டியரிங், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். வீட்டுக்கு வந்ததும், டேப்பட் சத்தம் போடுகிறதென்று நான் ஸ்பேனரை எடுத்தேன். "இன்னா அவசரம் உங்களுக்கு? சூடு ஆறட்டும், காலைல பாத்துக்கலாம்" என்றாய். "நீ ஓட்டறதோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, சூடு ஆறுமுன்பே டேப்பட்டைத் திருகி முடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து உதறி உதறி வந்த வண்டியை எப்படியோ வீடு சேர்த்தாய். எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வாசலிலேயே கத்தினேன். "செகண்ட் கியர்லயே மிதிச்சு எஞ்சினையே தின்னுட்டே. இனிமே தொடாதே!" அலுவலகத்தில் அளக்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதாதவன் நான். நீ சாவியை ஆணியில் மாட்டினாய். அதன்பிறகு எந்த வண்டியையும் நீ ஓட்டவில்லை. எங்கே போனாலும் ஷேர் ஆட்டோதான். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். நான் உன்னைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

மெக்கானிக் கிளம்புவதற்குள் "நான்தான் வைத்தேன்" என்று சொல்லிவிட்டேன். அதோடு மனம் ஆறவில்லை. எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா முன்னால்தானே உன் மானத்தை வாங்கினேன்? "கார் கெட்டது அவளால இல்லைங்க. என்னாலதான்" என்றேன்.

அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். அப்பவே நீங்க ஆபீஸ் போனப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்து காட்னாங்க. டேப்பட்டுதான்னு அவரும் சொன்னாரு. 'சார்கிட்ட சொல்லேம்மா'ன்னேன். 'நான் சொன்னா நம்ப மாட்டாருக்கா. அவரே ஒருநாளு அளந்து பாக்கட்டும்'னுட்டாங்க."

தெருவைக் கடந்து எப்படி வீட்டுக்குள் வந்தேன் என்று தெரியவில்லை. அந்த ஷெட்டைத் தாண்டித்தானே நீ தினமும் ஆட்டோவுக்குப் போனாய்? ஒரு நாள்கூட உன் முகம் மாறவில்லையே.

ஆணியிலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த மடலை எழுதும்போதும் அது பையில்தான் கிடக்கிறது. மீட்டர் வைத்து அளக்க இன்று கால் மணி நேரம்தான் ஆனது. நீ பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தாய்.