சுரங்கத்துக்கு முன்னால் போட்ட கணக்கு

டீச்சர்,

நேற்று ரயிலில் போனேன். பட்டிப்பொல பக்கம் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அந்த ஈரக் கரிப்புகை வாடை. நீங்கள் காலமான செய்தி கேட்டுப் பத்து நாளாகியும் வராத கண்ணீர் அந்த இருட்டில் வந்தது.

நாம் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். வாய்ப்பாடு தப்பினால் பிரம்பை எடுப்பவன் நான். நீங்களோ விடையைக் கேட்பதற்கு முன்பே, "சும்மா ஒரு மதிப்பு சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க" என்பீர்கள். குத்துமதிப்பு டீச்சர் என்று உங்களுக்குப் பெயர் வைத்ததே நான்தான்.

பிறகு அந்தப் பரீட்சை நாள். நம் தோட்டத்திலிருந்து முதன்முதலாக மூன்று பிள்ளைகள் மேற்படிப்புக்கு உதவும் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிறார்கள். லொறி சேற்றில் புதைந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் டவுனுக்குப் போகக் குறுக்கு வழி ரயில் சுரங்கம்தான். மலையேறிச் சுற்றினால் ஒரு மணி நேரம் கூடும். மணி எட்டுப் பத்து. சரக்கு ரயில் எட்டரைக்கு வரும், சில நாள் முந்தியும் வரும் என்றார் தண்டவாளம் பார்க்கும் ஆள். ஐந்து நிமிட நடைதானே என்று நான் இறங்கிவிட்டேன்.

நீங்கள் குறுக்கே நின்று, சுரங்கத்தைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று பிள்ளைகளிடம் மதிப்புக் கேட்டீர்கள். இதிலுமா பாடம் என்று கத்தினேன். மூவரில் ஒருத்தியான லெச்சுமி என் பக்கம் திரும்பவே பயந்து, உங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம் மாஸ்டர் காலுக்குங்க டீச்சர். சுப்பையாவுக்குக் கால்ல புண்ணு, ரெண்டு மடங்காகும். உள்ள இருட்டு, தடவித் தடவிப் போகணும், அதுக்கும் ரெண்டு மடங்கு. இருவது நிமிஷம். ரயிலு முந்தி வந்துட்டா?"

ரயில் போகும்வரை காத்திருந்தாலும் ஒன்பதைத் தாண்டிவிடும்; பிந்தினாலும் கெஞ்சிப் பார்க்கலாம் என்று மலையேறினோம். போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தோம், விடவில்லை. சுப்பையா வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். சரக்கு ரயிலோ அன்று பத்து மணிக்குப் பிறகுதான் வந்தது. உங்கள் குத்துமதிப்பு மூன்று பிள்ளைகளின் படிப்பை விழுங்கிவிட்டது என்று அவர்கள் எதிரிலேயே சொன்னேன்.

"ரயில் பிந்தும்னு அப்ப யாருக்குத் தெரியும், மாஸ்டர்? தெரியாததையும் சேத்துத்தான் அவ கணக்குப் போட்டா" என்றீர்கள்.

அதற்குப் பின் நாம் சரியாகப் பேசவில்லை. அடுத்த வருடம் நீங்கள் கந்தப்பளைக்கு மாறிப் போனீர்கள்.

ஒன்றை உங்களிடம் மறைத்தேன். அன்று திரும்பும்போது, சுப்பையாவை மெதுவாகக் கூட்டி வருகிறேன் என்று நான் பின்தங்கினேன்; நீங்கள் மற்ற இருவரையும் மலை வழியே கூட்டிப் போனீர்கள். ரயில் கடந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நான் சுப்பையாவோடு சுரங்கத்துக்குள் நடந்தேன். லெச்சுமி சொன்னது தப்பென்று காட்டிவிட வேண்டும் என்ற வெறி. அவன் நொண்டிக்கொண்டே வந்தான். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

இப்போது என் வகுப்பிலும் விடைக்கு முன்னால் மதிப்பைக் கேட்கிறேன், ஏன் என்றும் கேட்கிறேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் காத்திருக்கப் பழகிவிட்டேன். லெச்சுமி இதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். தினமும் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறாள். அவள் கணக்கு சரி என்று அவளிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.