பாக்கர் வேண்டாம்

நவம்பர் 4, திங்கள்

ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு இது இரண்டாவது வாரம். நான் வண்டி ஓட்டிய லாரிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் கணினியோடு மல்லுக்கட்டுகிறேன். மாதக் கடைசிக்குள் ஒருவருக்காவது வேலை வாங்கித் தராவிட்டால் என் வேலை போச்சு.

முதல் வேட்டை: சீட்சேயின் ரொட்டிக் கடைக்கு ஒரு ‘பாக்கர்’, அதாவது எங்கள் மொழியில் மாவு பிசைந்து ரொட்டி சுடுபவர். ‘பாக்கர்’ என்று அடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர்! முதல் ஆள் பல் டாக்டர். இரண்டாமவர் விவாகரத்து வக்கீல். மூன்றாமவர் மின்மயான மேலாளர் — அவராவது சுடுகிற தொழில். எல்லாருக்கும் குடும்பப் பெயர் பாக்கர்! இந்த நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு பாக்கர் மேல்தான் விழவேண்டும்.

மேலாளர் மார்லேன் எட்டிப் பார்த்தாள். “வீபே, ரொட்டிக் கடைக்கு ஆள் கேட்டா பல்லு புடுங்குறவரையா அனுப்பப் போறீங்க?”

நவம்பர் 5

மகள் ஹிஸ்கே பாடம் எடுத்தாள். “மூணே வார்த்தைதாம்ப்பா. ‘மற்றும்’, ‘அல்லது’, ‘வேண்டாம்’. இதுக்குப் பேரு பூலியன் தேடல்.” மூன்றாவது வார்த்தை அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும்.

‘குடும்பப் பெயர் பாக்கர் என்றால் வேண்டாம்’ என்று போட்டேன். இது என் சொந்த மூளை. ஒன்பதே பேர்! நான் மேதை.

நவம்பர் 8

எட்டுப் பேருக்கு வேலை இருக்கிறது. ஒன்பதாமவர் செத்து இரண்டு வருடம். “இருந்திருந்தா வந்திருப்பாருங்க,” என்றார் அவர் மனைவி.

நவம்பர் 12

சீட்சே போன் செய்தார். எதிர் அலுவலகம் ஆள் கொடுத்துவிட்டதாம். முப்பது வருடம் மாவு பிசைந்த கை.

“பேரு?” என்றேன்.

“ஹென்னி பாக்கர். உங்க ஊருதான், உங்க பக்கத்துத் தெரு. ஏப்ரல்லேருந்து வேலை தேடிக்கிட்டு இருந்திருக்காங்க.”

அய்யோ. ரொட்டி சுடுகிற ஒருத்திக்குப் பாக்கர் என்று பெயர் இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை? மண்டையில் என்ன, ஈஸ்ட்டா?

நவம்பர் 29

வேறு யாரும் சிக்கவில்லை. மார்லேன் கைகுலுக்கினாள். “நீங்க நல்ல மனுஷர், வீபே.” வேலை போகும்போதுதான் இந்தச் சான்றிதழ் கிடைக்கும்.

சீட்சேயிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆளைத்தான் தேடத் தெரியல. வண்டியாவது ஓட்டுவீங்களா?”

டிசம்பர் 2

காலை ஆறு மணிக்கு ரொட்டித் தட்டுகளை வேனில் ஏற்றினேன். ஹென்னி கையை உதறிக்கொண்டு வந்தார். மாவு புகையாய்ப் பறந்தது.

“ஏழு மாசமா என் பேரு உங்க ஆபீஸ் பட்டியல்லயும் இருந்துச்சே. ஏன் ஒருத்தரும் கூப்பிடல?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். “நான்தாங்க உங்களைக் கழிச்சுக் கட்டினது.”

வேன் கதவை அறைந்து சாத்தினார். “முதல் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம். அதையாவது கண்டுபிடிச்சுப் போங்க.”

கண்டுபிடித்துவிட்டேன்.