கால்பலகையில் மாட்டிய கொக்கி

மார்ச் 3, செவ்வாய்

சுற்றுலா அனுமதித் தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. கேளிக்கைப் பூங்காவாம். வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டும். வாண்டு வாய் திறந்து கேட்கவில்லை. சக்கர நாற்காலியை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறாள். ஏழு வயசுப் பெண்ணுக்கு ஒரு நாளில் எட்டுத் தடவையா தாகம் எடுக்கும்?

மார்ச் 4

"போன வருஷக் கதை போன வருஷத்தோட போச்சு. அனுப்பு," என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்குப் போகவில்லையே. கார் நிறுத்தத்திலிருந்து பூங்கா வாசலுக்கு ஓடும் அந்தக் குட்டிப் பேருந்து, அந்த வளைவு, நாற்காலி சறுக்கிக் கம்பியில் இடித்த சத்தம். அவள் உதட்டில் இரண்டு தையல். நாற்காலியைத் தரையோடு பிணைக்கும் கொக்கியை டிரைவர் சரியாக மாட்டவில்லை என்று புகார் எழுதினேன். ஊரெல்லாம் சொன்னேன்.

மார்ச் 5

அவள் பள்ளிக்குப் போனதும், அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். இருபது கிலோ, ஏறக்குறைய அவள் எடை. பைத்தியம்தான். இருக்கட்டும்.

அதே டிரைவர் அக்கா. நாற்காலி ஏறச் சாய்பலகையை இறக்கிவிட்டு மூட்டையைப் பார்த்தார். "இவங்களுக்கு ஜன்னலோரம் வேணுமா?"

குனிந்து கொக்கிகளை மாட்டினார். "முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. நாற்காலியோட இரும்புச் சட்டத்துலதான் மாட்டணும். கால்பலகை கழண்டு வர்ற சமாச்சாரம்மா."

கால்பலகை. அன்றைக்கு இவர் குனிய வந்தபோது, "விடுங்க, எனக்குத் தெரியும்," என்று அவசரமாக நானே மாட்டினேன். கால்பலகையில். நான்தான். ஐயோ, நான்தான்!

வளைவில் மூட்டை இம்மியும் நகரவில்லை. என் கைப்பைதான் விழுந்தது.

"அக்கா, அன்னைக்கு... மாட்டினது நான்."

"தெரியும்மா. இழுத்துப் பாக்காம வண்டிய எடுத்தது என் தப்பு. இப்பல்லாம் யார் மாட்டினாலும் இழுத்துப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மார்ச் 6

கையெழுத்துப் போட்டாயிற்று. பூங்கா அலுவலகத்துக்கும் ஒரு கடிதம்: கொக்கியை மாட்டியது நான், டிரைவர் அல்ல. வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "சரி, ஊர் சுத்தின அரிசிய உள்ள வை. சோறாக்கணும்," என்றார். சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

மார்ச் 13

இன்று சுற்றுலா. நான் அவளோடு போகவில்லை. வீட்டை இரண்டு தடவை பெருக்கினேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பேருந்தில் டீச்சர் உதவி செய்கிறேன் என்று கொக்கியைக் கால்பலகைக்குக் கொண்டுபோனாராம்.

"அங்க வேணாம் மிஸ், கழண்டுடும்னு சொன்னேன். டிரைவர் ஆன்ட்டி எனக்குக் கை தட்டுனாங்க!"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"போன வருஷம் நீ மாட்டினப்பவே பாத்தேனேம்மா. நீ அழுதுட்டே இருந்தியா, அதான் யார்கிட்டயும் சொல்லல."

கட்டிக்கொண்டேன். "விடும்மா, மூச்சு முட்டுது," என்றாள்.

ஃப்ரிட்ஜ் கதவு காலியாக இருக்கிறது. சாயங்காலம் முழுக்க அவளுக்குத் தாகமே எடுக்கவில்லை.