அணைத்த பம்பும் கேட்காத லீவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி தேவலையா? நான் சௌக்கியம், பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் பேராசிரியருக்கு இயற்பியலில் பெரிய விருது கிடைத்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கருவியில் தெரியும் ஒரு மெல்லிய அதிர்வு விண்வெளியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான். ரேடியோ கரகரத்தால் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பீர்களே, அதே புத்தியில் போன வாரம் பக்கத்து அறைப் பம்பை அணைத்தேன். விண்வெளி அடங்கிவிட்டது. பம்பைப் போட்டேன், மறுபடி வந்தது.

அவரிடம் சொன்னேன். சிரித்தார். "அது ஏதோ தற்செயல்மா. நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க. ஒரு மாசம் ஊருக்குப் போய்ட்டு வா" என்றார். உங்கள் ஆபரேஷனுக்கு லீவு கேட்டபோது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்! இன்று பம்பு அறையில் புதுப் பூட்டு தொங்குகிறது.

உங்கள் ரேடியோவைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், கரகரப்போடு. என் அறையில் சத்தமே இல்லை.

உங்களைப் பார்க்க ஆசைதான். டிக்கெட்டும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அதில் ஊருக்கு வர மட்டும்தான் இருக்கிறது அப்பா, திரும்பிப் போக இல்லை.

யாரோ வருகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் சந்தேகப் புத்தியை அப்படியே கொண்டுவந்த மகள்