ஸ்விட்சை அணைத்தது நான்தான்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். ஊரில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பெரிய பேரன் வக்கீல் பரீட்சை தேறிவிட்டான். சின்னவனுக்கு நீச்சலில் முதல் பரிசு. நம் பேத்தியோ, நான் சமைத்துப் பெருக்கும் இந்த ஆபீஸுக்கே தலைவி!

பார்வையில்லாத பிள்ளைகள் பரீட்சைக்குக் கேட்டுப் படிக்க, முந்நூறு பாடங்களின் ஒலிப்பதிவைச் சின்ன ஃபைலாக மாற்றி நேற்று நாலு மணிக்குள் அனுப்பவேண்டியிருந்தது. பதினோரு மணிக்குப் பேத்தி அலறினாள்.

"எட்டு கோர் இருக்கு, ஒண்ணுதான் ஓடுது! எட்டுன்னு மாத்தி வச்சேனே!"

கோர் என்றால் கம்ப்யூட்டருக்குள் வேலைசெய்கிற ஆள் மாதிரி. கம்ப்யூட்டரை அணைத்தால், ஃபைலை மாற்றுகிற மென்பொருள் பழையபடி ஓராளுக்கே போய்விடுமாம்.

நான் ஒத்துக்கொண்டேன்: "பெருக்கும்போது நான்தான்டி ஸ்விட்சை அணைச்சுப் போட்டேன்."

அவள் உடனே மறுபடி மாற்றி, எட்டையும் ஓடவிட்டாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலுக்கு ஆறு நிமிஷம் இருக்க, கடைசிப் பாடம் போனது.

பிறகு செட்டிங்ஸில் எதையோ நிரந்தரமாக்கி, "இப்ப நீயே அணைச்சுப் போடு பாட்டி" என்றாள். எனக்குக் கை வரவில்லை. "போடு, கிழவி!" போட்டேன். கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியதும் தானாகவே எட்டும் ஓடின.

இங்கே எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள். உங்கள் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்புங்கள், அடுப்புக்கு மேலே ஒட்டவேண்டும். சிரித்தமாதிரி எடுங்கள்.